துணியும் பிலிமும் சேர்ந்த அலங்கார லேமினேட் பலகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிடித்த துணி ஒன்று பல வருடமாகப் பெட்டிக்குள் மடிந்தே கிடக்கும். உடுத்தவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. அதைத் தெளிவான பிளாஸ்டிக் பிலிமுக்கு அடியில் பதித்துப் பலகையாக்கிவிட்டால் மேசை மேலோ அலமாரிக் கதவிலோ தினமும் கண்ணில் படும். இந்த வேலையைச் சிறிய அளவில் செய்துவருகிறேன். செய்து பார்க்க விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலகைகளை வீணாக்கித் தெரிந்துகொண்டவையும் இதில் உண்டு.

கடையில் விற்கும் மைக்காவும் இதுவும் ஒன்றுதானா?

உறவுக்காரர்கள் என்று சொல்லலாம். மரச்சாமான் மேல் ஒட்டும் மைக்கா என்று நாம் சொல்வது பெரும்பாலும் காகிதம்தான். பீனால் பிசினில் ஊறிய பழுப்புத் தாள்கள் பல அடுக்கு, அவற்றின் மேல் மெலமின் பிசினில் ஊறிய படத்தாள் ஒன்று. இவற்றைச் சுமார் 130 முதல் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில், சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோவுக்கும் மேலான அழுத்தத்தில் வைத்து ஒரே தகடாக்குகிறார்கள். அந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது.

லியோ பேக்லண்ட் 1907-ல் உருவாக்கிய பேக்கலைட் என்ற பீனால் பிசின்தான் இதற்கெல்லாம் தொடக்கம். 1913-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஃபேபரும் டேனியல் ஓ'கானரும் ஃபார்மிகா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மின்காப்புக்கு அதுவரை பயன்பட்ட மைக்கா என்ற கனிமத்துக்குப் பதிலாக (ஆங்கிலத்தில் for mica) வந்தது என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். அந்தக் காலத்து லேமினேட்டுகளில் துணிக்கும் இடம் இருந்தது. கேன்வாஸ் துணியைப் பீனால் பிசினில் ஊறவைத்து அழுத்தி, சத்தம் போடாத பல்சக்கரங்கள்கூடச் செய்தார்கள். அங்கே துணி பலத்துக்காக உள்ளே ஒளிந்திருந்தது. நம் பலகையில் துணியே முகம்.

நாம் பயன்படுத்தும் பிலிம்கள் சூட்டில் இளகி, ஆறியதும் இறுகுபவை. மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு குணத்திலிருந்து கிளைப்பவை.

எந்தத் துணி நன்றாக வரும்?

பருத்தி, லினன், விஸ்கோஸ் மூன்றும் முதல் முயற்சிக்கு ஏற்றவை. சதுர மீட்டருக்கு 80 முதல் 200 கிராம் எடை, ரொம்ப நெருக்கமில்லாத நெசவு. இழைகளுக்கு நடுவே பசை நுழைந்து பிடிக்க இடம் வேண்டும். பட்டு அழகாக வரும், ஆனால் வழுக்கும். அடுக்கும்போது நேராக நிற்க வைப்பதற்குள் பொறுமை போய்விடும்.

பாலியெஸ்டர் துணிக்கு வேறொரு தொல்லை. அதில் ஏற்றப்படும் சாய வகை, அதிகச் சூட்டில் ஆவியாகி இடம் பெயரக்கூடியது. சூட்டோடு அழுத்தும் பிரஸ்ஸில் தெரியாமல் இருந்துவிட்டு, சில மாதம் கழித்துப் பூவின் விளிம்பைச் சுற்றி மங்கலான நிழல் படரும். சாயம் மெல்ல மெல்லப் பிலிமுக்குள் குடியேறிவிட்டது என்று பொருள். கூடிய மட்டும் குறைந்த சூட்டில் முடிப்பது நல்லது.

கம்பளி, சணல் போன்ற தடித்த துணிகளைத் தொடக்கத்தில் தொட வேண்டாம். பசையை ஏராளமாகக் குடிக்கும், ஈரத்தையும் ஏராளமாக வைத்திருக்கும். ஜரிகைத் துணி செய்யலாம். வெட்டிய இடத்தில் ஜரிகையின் முனை ஊசிபோல நீட்டிக்கொண்டு பிலிமைக் குத்தும் என்பதால் ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.

புதுத் துணியை அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், மென்மைக்காகச் சேர்த்த சிலிக்கோன் இருக்கும், சிலவற்றில் நீர் ஒட்டாத பூச்சும் இருக்கும். இவை எல்லாம் பசையைத் தள்ளிவிடும். வெந்நீரில் சோப்புப் போட்டு அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் கடைசியில் சேர்க்காதீர்கள். காய்ந்த பின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உடனே உள்ளே இறங்கினால் துணி தயார். முத்துப்போல உருண்டு நின்றால் இன்னொரு முறை அலச வேண்டும். சாயம் போகிற துணி என்றால் இந்த அலசலிலேயே தெரிந்துவிடும், அதுவும் நல்லதுதான்.

துணியின் நிறம் ஏன் மாறிவிடுகிறது? வெள்ளைப் பூவெல்லாம் காணாமல் போய்விட்டது.

என்னிடம் அதிகம் வரும் புகார் இது. முதல் தடவை எனக்கும் நேர்ந்தது. கறுப்பில் வெள்ளைப் பூக்கள் போட்ட மெல்லிய பருத்தித் துணி. எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்தது) பலகை மேல் வைத்து அழுத்தி எடுத்தால் பூக்கள் எல்லாம் மண் நிறமாக இருந்தன. துணி கருகிவிட்டதோ என்று நினைத்தேன். கருகவில்லை, துணி கண்ணாடிபோல ஆகிவிட்டது.

நனைந்த வெள்ளைச் சட்டை ஏன் உடம்பைக் காட்டுகிறது? அதே காரணம்தான். பருத்தி இழைக்குச் சொந்தமாக வெள்ளை நிறம் எதுவும் கிடையாது, அது ஒளி ஊடுருவும் பொருள். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண், இழைக்குச் சுமார் 1.55, சுற்றியுள்ள காற்றுக்கு 1. இந்தப் பெரிய வித்தியாசத்தால் ஒவ்வொரு இழை விளிம்பிலும் ஒளி சிதறுகிறது, சிதறிய ஒளி நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், அதன் எண் 1.33 என்பதால், சிதறல் குறைகிறது. உருகிய இ.வி.ஏ (பிலிமின் உள்பக்கத்தில் இருக்கும், சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) பசை புகுந்தால் அதன் எண் 1.49. இழைக்கும் பசைக்கும் வித்தியாசம் மிகவும் குறைந்துபோய், ஒளி நேராக உள்ளே போய் அடியில் இருக்கும் பலகையின் நிறத்தைக் கொண்டுவந்து காட்டிவிடுகிறது. கடும் நிறங்களும் இதனால்தான் ஆழமாகத் தெரிகின்றன. கருநீலம் கறுப்பாகிவிடும், வெளிர் மஞ்சள் மறைந்தே போகும்.

பலகையை வீணாக்காமல் முன்கூட்டியே பார்க்க ஒரு வழி இருக்கிறது. துணியின் மூலையில் இரண்டு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டு, அடியில் நீங்கள் போடப்போகும் பலகைத் துண்டையோ அதே நிறத் தாளையோ வைத்துப் பாருங்கள். எண்ணெயின் எண் 1.47, பசைக்கு மிக அருகில். எண்ணெய் பட்ட இடம் எப்படித் தெரிகிறதோ கிட்டத்தட்ட அப்படித்தான் பலகையும் வரும். தண்ணீரை நம்பாதீர்கள், அது பாதி உண்மைதான் சொல்லும்.

தீர்வும் சிக்கலானதில்லை. துணிக்கு அடியில், பசை முழுதும் ஊடுருவாத கெட்டியான வெள்ளைத் துணியோ வெள்ளை பிலிமோ ஒன்று கொடுங்கள். வெள்ளை நிறமி பூசிய பிலிமில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும். அதன் ஒளிவிலகல் எண் 2.5-க்கும் மேல் என்பதால் பசை சூழ்ந்தாலும் வெள்ளையாகவே நிற்கும். இதே காரணத்தால், துணியின் மேல் கெட்டியாகப் பூசிய வெள்ளை அச்சு மாறாது. வெறும் இழையின் வெள்ளைதான் மறையும். இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறவர்களும் உண்டு. மெல்லிய பருத்திக்கு அடியில் வெளிர் பச்சைத் தாள் வைத்தால், துணி முழுக்க ஒரு பச்சை நிழல் பரவும். அந்த அழகுக்காகவே நான் சில பலகைகள் செய்திருக்கிறேன்.

எந்த பிலிம் வாங்க வேண்டும்?

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, சான்றிதழ்களை லேமினேட் செய்யப் பயன்படும் அதே தெர்மல் பிலிம். அதன் வெளிப்பக்கம் பி.இ.டி (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), உள்பக்கம் இ.வி.ஏ பசை. பி.இ.டி சுமார் 250 டிகிரியில்தான் உருகும், இ.வி.ஏ நூறு டிகிரிக்குள்ளேயே இளகி ஓடும். அதனால் வெளிப்பக்கம் பளபளப்பாக அப்படியே இருக்க, உள்பக்கம் மட்டும் உருகித் துணிக்குள் இறங்கும். 250 மைக்ரான் தடிமனில் வாங்குங்கள். மெல்லிய பிலிமில் பசையும் மெல்லியதாகத்தான் இருக்கும். தாளுக்கு அது போதும், துணி அதை ஒரே வாயில் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் பசை போதவில்லை என்று பொருள். அப்போது நடுவில் தனியாக ஓர் இ.வி.ஏ பசை பிலிம் சேர்க்க வேண்டும்.

பக்கம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பான பக்கம் வெளியே, சற்று மங்கலான பக்கம் துணியை நோக்கி. மாற்றி வைத்தால் பசை முழுவதும் பிரஸ்ஸின் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

பி.இ.டி.ஜி (பி.இ.டியின் இன்னொரு வகை), அக்ரிலிக் போன்ற தெளிவான பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே துணியை வைத்து அழுத்தி, மரமே இல்லாமல் ஒளி ஊடுருவும் பலகை செய்யலாம். விளக்குக்கு முன்னால் வைத்தால் மிக அழகு. ஆனால் பி.இ.டி.ஜி 80 டிகிரியிலும் அக்ரிலிக் ஏறக்குறைய 105 டிகிரியிலும் இளகத் தொடங்கும். அந்த நேரத்தில் அதன் மேல் எது படுகிறதோ அதன் தடம் அப்படியே பதியும். பிரஸ்ஸில் ஒட்டாமலிருக்க டெஃப்லான் துணி வைத்து அழுத்தினால் டெஃப்லானின் நெசவுக்கோடுகள் உங்கள் பலகையில் வந்துவிடும். வழவழப்பு வேண்டுமென்றால் வழவழப்பான உலோகத் தகடும், பசை ஒட்டாத சிலிக்கோன் பூசிய பி.இ.டி பிலிமும் தேவை.

பி.வி.சி ஷீட் பயன்படுத்தலாமா? வீட்டில் நிறைய கேரி பேக் இருக்கிறதே?

பி.வி.சியைச் சூடாக்க வேண்டாம். பருத்திக்கு வைக்கும் சூட்டில் அயர்ன் பாக்ஸ் 200 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் பி.வி.சி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். மூக்கையும் தொண்டையையும் எரிக்கிற வாயு அது. பின்பக்கம் பசை உள்ள பி.வி.சி பிலிமைச் சூடில்லாமல் ஒட்டுவது வேறு விஷயம், அதில் ஆபத்தில்லை.

பாலித்தீன் பைகள் பயன்படும். முக்கோண முத்திரைக்குள் 2 அல்லது 4 என்ற எண் இருக்க வேண்டும், 3 இருந்தால் அது பி.வி.சி. எண் 4 பை 105 முதல் 115 டிகிரியிலும், எண் 2 சுமார் 130 டிகிரியிலும் உருகும். ஆறு எட்டு அடுக்கு சேர்த்தால்தான் தடிமன் கிடைக்கும். பாலித்தீன் எதனோடும் இறுக்கமாக ஒட்டாது. துணியின் இழைகளுக்குள் புகுந்து இறுகிக்கொள்வதால் மட்டுமே நிற்கிறது. அதனால் சொரசொரப்பான பருத்தியோடு நன்றாகச் சேரும், வழவழப்பான நைலானோடு சேராது. முகப்பக்கத்துக்கு வைத்தால் பால்போல மங்கலாகத் தெரியும். நான் அதைத் தெளிவு தேவைப்படாத வேலைகளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

அயர்ன் பாக்ஸ் போதுமா, ஹீட் பிரஸ் வாங்க வேண்டுமா?

உள்ளங்கை அகல மாதிரிக்கு அயர்ன் பாக்ஸ் போதும். பலகைக்குப் போதாது. அதன் அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். நீங்கள் 5 கிலோ பலத்தோடு அழுத்தினாலும் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிராம்தான் விழும். அதோடு ஓர் இடம் சூடாகும்போது பக்கத்து இடம் ஆறிக்கொண்டிருக்கும், அந்த எல்லையில் சுருக்கம் விழும்.

சட்டையில் படம் பதிக்கும் ஹீட் பிரஸ் இந்த வேலைக்குக் கச்சிதமானது. 38 சென்டிமீட்டர் சதுரம் பரவலாகக் கிடைக்கும் அளவு. அதைவிடப் பெரிய பலகை என்றால் வெற்றிடப் பை முறை. பைக்குள் அடுக்கை வைத்து மூடிக் காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்றே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் அழுத்தும். 60 சென்டிமீட்டர் சதுரப் பலகை மேல் மூன்றரை டன் பாரம் ஏற்றியதற்குச் சமம். பை முழுவதையும் அடுப்புக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள சிரமம்.

குமிழ் வராமல் செய்வது எப்படி?

குமிழைப் பார்த்ததும் எல்லோரும் காற்றைக் குற்றம் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது நீராவி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணக் காற்றில் கிடக்கும் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். சதுர மீட்டருக்கு 150 கிராம் துணியில் 12 கிராம் தண்ணீர். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 1.7 லிட்டர் இடம் கேட்கும். 40 சென்டிமீட்டர் சதுரப் பலகைக்குள்ளேயே மூன்று லிட்டருக்கு மேல் நீராவி, வெளியேற வழி இல்லாமல்! பாலியெஸ்டரில் ஈரம் அரை சதவீதம்கூட இல்லை, அதனால் அதில் குமிழ் குறைவு. கம்பளியில் 16 சதவீதம்.

பிளைவுட் இதைவிட மோசம். அதே அளவில் 6 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும், அதில் ஐம்பது கிராம் அளவுக்குத் தண்ணீர் இருப்பது சாதாரணம். துணியில் இருப்பது இரண்டு கிராம்தான். துணியைப் பார்த்துப் பார்த்துக் காயவைத்துவிட்டு, அதைப் பிளைவுட் மேல் வைத்துச் சூட்டில் அழுத்தினால் குமிழ் வராமல் என்ன செய்யும்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று. புரிந்த பிறகு நான் மரத்தைப் பிரஸ்ஸுக்குள் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டேன். முதலில் துணியையும் பிலிமையும் தனித் தகடாகச் செய்துவிட்டு, பிறகு அதைச் சூடில்லாமல் பலகையில் ஒட்டுகிறேன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

துணியைக் காயவைக்க: நீராவி இல்லாமல் அயர்ன் செய்து, சிறிய தராசில் எடை பாருங்கள். மறுபடி அயர்ன், மறுபடி எடை. எடை குறைவது நின்றதும் உடனே அடுக்க வேண்டும். பருத்தி சில நிமிடங்களிலேயே காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.

சரி, ஒரு பலகையை முதலிலிருந்து கடைசி வரை எப்படிச் செய்கிறீர்கள்?

அடுக்கு மேலிருந்து கீழாக இப்படி இருக்கும்: 250 மைக்ரான் தெர்மல் பிலிம், அலங்காரத் துணி, மெல்லிய இ.வி.ஏ பசை பிலிம், கடைசியாக வெள்ளைப் பருத்தி அடித்துணி. இந்த அடித்துணி இரண்டு வேலை செய்கிறது. மேலே உள்ள நிறத்தைக் காப்பாற்றுகிறது. அதன் முதுகு பசை படாமல் சொரசொரப்பாக இருப்பதால் மரப்பசை அதைப் பிடித்துக்கொள்கிறது. வழவழப்பான பிலிமின் முதுகில் மரப்பசை நிற்கவே நிற்காது, வறண்ட பின் அப்பளம்போலப் பெயர்ந்து வரும். அடித்துணி கெட்டியாக இருக்கட்டும். மெல்லியதாக இருந்தால் பசை ஊடுருவி முதுகும் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

வெட்டும்போது எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அளவு அதிகம் விடுங்கள். அலங்காரத் துணியின் பாவும் ஊடையும் நேராக இருக்கிறதா என்று ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கட்டம் போட்ட துணியில் ஒரு சென்டிமீட்டர் சாய்வுகூடக் கண்ணை உறுத்தும். அதற்காக இழுத்துப் பிடித்து நேராக்காதீர்கள். இழுத்த துணி, பசை இளகியதும் தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், அங்கே சுருக்கம் விழும். தூசி, முடி, நூல் பிசிறு எல்லாவற்றையும் ஒட்டும் உருளையால் எடுங்கள். பிலிமில் நிலைமின்சாரம் இருப்பதால் அறையில் பறப்பதெல்லாம் அதன் மேல் வந்து உட்காரும். கறுப்புத் துணிக்கு அடுத்து வெள்ளைத் துணி செய்வதாக இருந்தால் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுக்கின் மேலும் கீழும் பசை ஒட்டாத தாள். சூடு 110 டிகிரி, இரண்டு நிமிடம். இது தொடக்க எண்தான். பிரஸ்ஸின் முகப்பில் காட்டும் சூடும் அடுக்குக்குள் போகும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் கையளவு மாதிரி செய்து, ஆறியதும் பிலிமின் மூலையை நகத்தால் உரித்துப் பாருங்கள். சுத்தமாக உரிந்து வந்தால் சூடு போதவில்லை. துணி இழைகளையும் பிய்த்துக்கொண்டு வந்தால் சரியாகிவிட்டது. ஓரத்தில் பசை வழிந்து துணியின் முதுகும் பளபளத்தால் சூடு அதிகம்.

அப்புறம், ஆறுவது. பிரஸ்ஸைத் திறந்ததும் தகட்டைக் கையில் தூக்காதீர்கள். தாள்களோடு சேர்த்து அப்படியே வழுக்கி, இரண்டு தட்டையான கல் பலகைகளுக்கோ தடித்த உலோகத் தகடுகளுக்கோ நடுவே தள்ளி, மேலே பாரம் வையுங்கள். தண்ணீர் நிரப்பிய குடம் ஒன்று போதும். பசை இன்னும் கூழாக இருக்கும் அந்த நேரத்தில் துணி சற்றே எழும்பினாலும் வெள்ளிபோல மின்னும் திட்டு நிரந்தரமாக நின்றுவிடும். கை வைத்தால் சூடே தெரியாத வரை காத்திருங்கள், கால் மணி நேரம் ஆகட்டும். வீணாகும் தகடுகளில் பாதிக்கு மேல், பிரஸ்ஸை விட்டு வெளியே வந்த முதல் நிமிடத்தில்தான் வீணாகின்றன என்பது என் அனுபவம்.

கடைசியில் பலகை. பிளைவுட்டையோ எம்.டி.எஃப்பையோ உப்புத்தாளால் தேய்த்துத் தூசி தட்டி, மரப்பசையை மெல்லிய, சீரான படலமாகப் பரப்பி, தகட்டை ஒரு முனையிலிருந்து உருளையால் உருட்டிக்கொண்டே படிய வையுங்கள். பாரத்தின் கீழே ஒரு நாள்.

மறுநாள் பலகை படகுபோல வளைந்துவிட்டதே?

ஒரு பக்கம் மட்டும் தகடு ஒட்டியிருப்பீர்கள். மரம் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்தும் விட்டும் கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் ஒட்டிய பக்கம் மூடிவிட்டது, மறுபக்கம் மட்டும் வீங்கிச் சுருங்குகிறது, பலகை வளைகிறது. பின்பக்கமும் அதே தடிமனில் ஒரு தகடு ஒட்ட வேண்டும். அழகான துணி வேண்டியதில்லை, பழைய படுக்கை விரிப்பு போதும். பசை, பிலிம், தடிமன் மூன்றும் முன்பக்கத்தோடு ஒத்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் ஒட்டிவிடுங்கள்.

அக்ரிலிக், பி.இ.டி.ஜி தகட்டை மரத்தோடு சூட்டில் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பிளாஸ்டிக்குகள் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரிக்கு 0.07 மி.மீ. அளவில் சுருங்கும். 80 டிகிரி ஆறினால் ஐந்து மி.மீ.க்கும் மேல். மரம் ஒரு மி.மீ.கூடச் சுருங்காது. ஏதாவது ஒன்று வளைந்துதானே ஆக வேண்டும்.

வெட்டும்போது ஓரம் பிசிறுகிறது. ஓரத்தை எப்படி மூடுவது?

பிலிம் பக்கம் மேலே இருக்க, புதிய பிளேடு போட்ட கட்டரால் இரும்பு அளவுகோலை ஒட்டி நாலைந்து முறை மெல்லக் கீறி, தகடு முழுதாக அறுந்த பின் மரத்தை நுண்பல் ரம்பத்தால் அறுங்கள். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பிலிம் சிதறாது.

ஓரத்தை மூடுவது அழகுக்கான வேலை என்று விட்டுவிடாதீர்கள். வெட்டிய ஓரத்தில் தெரியும் ஒவ்வொரு இழையும் விளக்குத் திரிபோல. ஒரு முனையில் ஈரம் பட்டால் உள்ளே வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகும். பிலிமுக்கடியில் கறை படர்ந்தால் துடைக்க வழியே இல்லை. எட்ஜ் பேண்ட் என்ற ஓரப் பட்டையை ஒட்டலாம், மரச்சட்டம் கட்டலாம். எதுவும் இல்லையென்றால் எபாக்சி பிசினை இரண்டு முறை ஓரம் முழுக்கத் தடவி ஊறவிடுங்கள். தண்ணீர் படும் இடம் என்றால் எம்.டி.எஃப் வேண்டவே வேண்டாம், பிளைவுட்தான்.

மரமில்லாத தகடு மட்டும் செய்பவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. அடியிலும் தெர்மல் பிலிம் வைத்து, துணியைப் பிலிமைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் சிறியதாக வெட்டினால், பிலிமும் பிலிமும் நேரடியாக ஒட்டி முத்திரை வைத்ததுபோல ஆகிவிடும்.

வளைந்த இடத்தில் ஒட்ட முடியுமா?

தூண்போல ஒரே திசையில் வளைந்தது என்றால் முடியும். தகடாக இருக்கும்போதே வளைத்து ஒட்டுங்கள். கிண்ணம்போல இரண்டு திசையிலும் வளைந்தது என்றால் நெய்த துணி ஒத்துழைக்காது, மடிப்பு விழும். பின்னல் துணி நீளும் என்பதால் ஓரளவு வரும்.

வெயிலில் நிறம் போகுமா?

போகும். பிலிம் துணியைக் கையிலிருந்தும் அழுக்கிலிருந்தும் காக்கும், ஒளியிலிருந்து காக்காது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் பிலிம் போட்டால் தாமதமாகும், அவ்வளவுதான். சாயத்துக்குச் சாயம் வித்தியாசம் மிகப் பெரிது. துணித் துறையில் ஒளி தாங்கும் திறனை 1 முதல் 8 வரை மதிப்பிடுகிறார்கள். நீலச் சாயமிட்ட கம்பளித் துண்டுகளோடு ஒப்பிடுவது அதன் முறை. 1 என்றால் சீக்கிரம் வெளுக்கும், 8 மிக உறுதி. உங்கள் துணியின் எண் தெரியாது என்றால் ஒரு துண்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். பிரித்ததும் நடுவில் கோடு தெரிந்தால் அந்தத் துணியை உள்ளறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது, அதுவும் மறைந்துவிட்ட ஒருவருடைய உடை என்றால், தயவுசெய்து அதைப் பலகையாக்காதீர்கள். பசை இறங்கிய துணியை மறுபடி துணியாக்க முடியாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் தைத்து வைத்தால் என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்துத் தொட்டுப் பார்க்கலாம்.

மேசை, சமையலறை என்று எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாமா?

அலமாரிக் கதவு, சுவர், தட்டின் அடிப்பகுதி, பெட்டி மூடி எல்லாம் பொருத்தம். எழுதும் மேசைக்கும் சரி. அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். துணியும் பிளாஸ்டிக்கும் தீப்பற்றக்கூடியவை. கொதிக்கும் பாத்திரத்தை வைத்தால் பசை இளகி அந்த இடம் வட்டமாக எழும்பும். உணவு நேரடியாகப் படும் பரப்புக்கும், கத்தி வைத்து நறுக்கவும் இது ஆகாது.

துடைப்பதற்கு மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும். தின்னர், அசிட்டோன் வேண்டாம். முகப்பு அக்ரிலிக் என்றால் ஆல்கஹால் கலந்த திரவமும் வேண்டாம், நாளடைவில் நுண்விரிசல் விழும்.

ஒரு மூலை எழும்பிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

எழும்பியது எந்த அடுக்கு என்று முதலில் பாருங்கள். துணியும் பிலிமும் பிரிந்திருந்தால் அதிர்ஷ்டம்தான், இந்தப் பசை மறுபடி இளகும். உள்ளே தூசி போகாமல், மேலே பசை ஒட்டாத தாள் வைத்து, அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில் இருபது முப்பது விநாடி அந்த மூலையில் மட்டும் வைத்து எடுத்து, உடனே குளிர்ந்த உலோகக் கட்டி ஒன்றை அதே இடத்தில் ஆறும் வரை அழுத்திப் பிடியுங்கள். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் பிரிந்திருந்தால் சூடு உதவாது. மெல்லிய கத்திமுனையால் மரப்பசையை உள்ளே செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். இரண்டு வகையிலும் கடைசியில் அந்த ஓரத்தை எபாக்சியால் மறுபடி மூட மறக்காதீர்கள். முதலில் எழும்பியதே அங்கே ஈரம் புகுந்ததால்தான் இருக்கும்.